ஏழுமலை முகத்தில் வந்த அம்மை

ஏழுமலை இறந்துவிட்டார். காலையில் ஆம்பூரிலிருந்து போன். தொண்டைப் புற்றுநோய்.

எங்கள் தோல் கம்பெனியில் செலக்‌ஷன் டேபிள் அவருடையது. ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, தழும்பு, பூச்சிக்கடி, அம்மை வடு பார்த்துத் தரம் பிரிப்பார்.

தொண்ணூறுகளில் நான் ஷிப்பிங் கிளார்க்காகச் சேர்ந்த அன்று என் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார். "பரு ஜாஸ்தி. லோக்கல் மார்க்கெட்தான் சார்."

போன வருஷம் கீமோவுக்கும் கட்டி மசியவில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி என்று புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புற்றுச் செல்லாகப் பார்த்துத் தேடிப் போய்ப் பிடிக்குமாம். வாரம் ஒரு டிரிப்ஸ். இவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"தோல்ல கொஞ்சம் ரியாக்‌ஷன் வரலாம்" என்றார் டாக்டர். எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தோல் கம்பெனிக்காரர்களுக்குத் தோலில் என்ன சந்தேகம்...

சில வாரத்தில் கட்டி சுருங்கியது. கஞ்சி மட்டும் குடித்தவர் இட்லி விழுங்கினார்.

பிறகு முகமெல்லாம் கொப்புளம். வீட்டு வாசலில் வேப்பிலை.

"ஆத்தா வந்திருக்கா சார். தண்ணி ஊத்துற வரைக்கும் ஊசி, மருந்து எதுவும் கூடாது" என்று வாசலிலேயே நிறுத்தினார் அவர் மனைவி ராணி.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போனாவது..."

"போன்ல பேசுனாலும் அவளுக்குக் கேக்கும் சார்."

உள்ளேயிருந்து ஏழுமலையின் கரகரத்த குரல். "இன்னா சார் பாக்குறீங்க. ரிஜெக்ட்தான்."

மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்த பிறகுதான் வேலூர் போனோம். மிச்சமிருந்த கொப்புளங்களைப் பார்த்து டாக்டருக்குச் சந்தோஷம். "இது அம்மை இல்லம்மா. மருந்து நல்லா கேக்கறவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும்."

அதே முகத்தோடு அடுத்ததையும் சொன்னார். "ஆனா இத்தனை டோஸ் விட்டுட்டா, ரூல்படி இனிமே சோதனையில வச்சுக்க முடியாது."

வெளியே வாங்கலாமா என்றேன். சோதனை முடிந்தால்தான் கடைக்கு வருமாம்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?" ராணி கேட்டது அவ்வளவுதான்.

"சொன்னோமேம்மா. ரியாக்‌ஷன்னு."

உடம்பெல்லாம் தேடிப் புற்றைப் பிடிக்கிற மருந்து. அதோடு அனுப்ப, 'அம்மை மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்' என்று ஒரு வரி தமிழ் கிடைக்கவில்லை.

மருந்து நின்றதும் கொப்புளம் மறைந்தது. கட்டி திரும்ப வந்தது.

மதியம் போய்ப் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்குள் அந்த முகம்... ஒரு பரு இல்லை, ஒரு வடு இல்லை. அவர் டேபிளுக்கு வந்திருந்தால் ஃபர்ஸ்ட் கிரேடு போட்டிருப்பார்.

போய்ட்டு வாங்க, ஏழுமலை.