பேர் தெரியாதவர்களுக்குத் திறக்கும் கதவு

அன்று காலை நாசி கண்டார் சோற்றுக்கடை நாசர் அண்ணன் போனில் கத்தினார். "என்னாம்மா இது, நம்ம கடை பேஜைத் தொறந்தா கஸ்தூரி படம் வருது. மாலை போட்டிருக்கு லா." திறந்து பார்த்தேன். மரண அறிவிப்புப் பக்கத்தில் என் கூட்டாளி கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அன்றைய தேதி. விளையாட்டுக்கும் ஓர் அளவில்லையா என்று எரிச்சலோடு அவளையே கூப்பிட்டேன். எடுத்தது அவள் அண்ணன் முருகையா, ஆஸ்பத்திரியிலிருந்து. "இப்பத்தான் உயிர் போச்சு. இன்னும் யாருக்குமே சொல்லலியே. உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். 

உங்களில் பலருடைய கடையும் கோயிலும் கல்யாண மண்டபமும் இணையத்தில் குடியிருந்தது கஸ்தூரியிடம்தான். நான் புரோகிராம் எழுதுவேன், அவள் குடிவைப்பாள். ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில், ஒரே சர்வர் கணினியில் அத்தனை குடித்தனம். "வர்றவங்க எந்தப் பேரைச் சொல்றாங்களோ அந்த வீட்டைத் தொறந்துவிடும். தெரியாத பேரைச் சொன்னா முதல் வீட்டுக்கு அனுப்பிரும்" என்பாள். முதல் வீடாக அவள் வைத்திருந்தது, நம் சனத்துக்காகக் காசு வாங்காமல் நடத்திய மரண அறிவிப்புப் பக்கத்தை.

அதற்காக அவளோடு சண்டையே போட்டிருக்கிறேன். மண்டபம் பதிவு செய்ய வந்த பெண்வீட்டார் இணைய முகவரியில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டி, யாரோ ஒரு தாத்தாவின் இறப்புச் செய்தியில் போய் நின்றார்கள். அபசகுனம் என்று என்னைத்தான் காய்ச்சி எடுத்தார்கள். கஸ்தூரி அசையவில்லை. "செத்தவங்களைத் தேடி யாரு வரப்போறா, அக்கா? வழி தவறி வர்றவங்களாச்சும் பாத்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

காரியம் முடியும் முன்பே மேல்மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் முகம்தான் வந்தது. கடை ஆர்டரும் மண்டபப் பதிவும் நின்றுபோயின. முருகையா அண்ணனும் கூட வந்தார். சர்வரில் வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை; அதனால்தான் எல்லாரும் முதல் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எதையும் தொடவில்லை. அவளோ கடைசி இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் நினைவே இல்லாமல் கிடந்திருக்கிறாள்; அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். படத்தில் கஸ்தூரி அதே அறையில், அதே சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கே எப்போதும் தனியாகத்தான் வேலை பார்ப்பாள். யார் எடுத்த படமென்று எனக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை.

"நீங்க சரி பண்ணிட்டா அவ முகம் போயிருமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு பெயராகத் திரும்ப ஏற்றினேன். கடை திறந்தது, அவள் அங்கிருந்து விலகினாள். கோயில் திறந்தது, அங்கிருந்தும் விலகினாள். அழுதுகொண்டேதான் தட்டினேன்.

முதல் வீட்டை மட்டும் நான் தொடவில்லை. காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். கஸ்தூரியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு கதவுதான். இப்போதெல்லாம் வேலை முடிந்து எழும்போது, எங்களிடம் இல்லாத ஏதோ ஒரு பெயரை வேண்டுமென்றே தட்டுகிறேன். கஸ்தூரி வந்து திறக்கிறாள்.