தலைகுனிந்த விளக்குப் பெண்

தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்டின் டவுனில் எங்கள் பெண்கள் பள்ளிக்குப் பொன்விழா வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதலாவதாக வந்ததற்கு எனக்கு விழா மெடல் கொடுத்தார்கள். ஒரு பக்கம், தாவணி போட்ட பெண் அகல் விளக்கை ஏந்தித் தலைகுனிந்து நிற்பாள். புத்தகம் கித்தகம் எதுவும் கிடையாது. மறுபக்கம் என் பெயர், கீழே 'கணக்கில் முதலிடம்'.

அதே நிர்வாகத்தின் பையன்கள் பள்ளியில் அண்ணனும் ஒரு மெடல் வாங்கியிருந்தான். அதில் ஒரு பையன் புத்தகத்தோடு நிமிர்ந்து சூரியனைப் பார்ப்பான். இத்தனைக்கும் அண்ணனுக்குக் கிடைத்தது ஓட்டப்பந்தயத்துக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிவிக்கு மேலிருந்த ஷோகேஸில் அம்மா இரண்டையும் வைத்தாள். என்னுடையதை நான் எழுத்துப் பக்கம் தெரியத் திருப்பி வைப்பேன். யாராவது வருகிறார்கள் என்றால் அம்மா விளக்குப் பக்கத்துக்கு மாற்றிவிடுவாள்.

"பாக்கறவங்களுக்கு லட்சணமா இருக்க வேணாமா? சும்னே இருடி" என்று பாதிக் கன்னடத்தில் அதட்டுவாள். வரன் வந்ததென்று எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள்.

பன்னிரண்டாவதான பி.யூ.சி. முடித்ததும் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அப்பாவோ, "பொம்பளப் புள்ளைக்கு பி.ஏ. போதும்மா" என்று சொல்லி, தொம்மலூரிலிருந்து ஒரு வரனை வரச் சொல்லிவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. அதில்தான் எனக்கு அவள்மேல் அதிகக் கோபம்.

அவர்கள் வந்தார்கள். காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் ஷோகேஸைப் பார்த்தேன். எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது. சத்தியமாக நான் தொடவில்லை.

"அது என்னாங்க மெடலு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா சொன்னாள்: "கணக்குல ஃபர்ஸ்டு வந்ததுக்குக் குடுத்தாங்க. இப்ப இன்ஜினியரிங் சீட் வந்திருக்கு. நாலு வருஷம் படிக்கணும். காபி ஆறுது, எடுத்துக்குங்க."

காபியோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அப்பா கொஞ்ச நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரேதான் என்னை அட்மிஷனுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாப்பிள்ளை வீட்டார் போனதும் சமையலறைக்கு ஓடினேன். அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீதானம்மா திருப்பி வெச்சே?"

"ஆமாண்டி" என்றாள், திரும்பாமலே. "அந்தப் பொண்ணு எத்தினி வருஷமா குனிஞ்சே நிக்குது. பாத்துப் பாத்து எனக்கே கழுத்து வலிக்குது."