மூன்றாம் சுற்றில் ஓர் இடறல்

வாசிப்பதற்கு முன் வெர்லின் ஸ்டாம்பர், கிட்டார் மீட்டும் சிறு வில்லையை வலது தொடையில் வைத்துத் தேய்ப்பார். முன்னும் பின்னுமாக நாற்பது தடவை. பிறகு முனையை உதட்டில் ஒற்றிச் சூடு பார்ப்பார். அவர் கொண்டாடும் பெரிய கிட்டார் கலைஞர் ராய்டன் ஸ்லேட் அப்படித்தான் செய்வாராம். வெர்லினின் எல்லாக் கால்சட்டைகளும் ஒரே இடத்தில் வெளுத்திருக்கும். "போன வாரம் வாங்கினதும் போச்சு," என்பார் மனைவி லோரீன்.

வெர்லினுக்கு மரம் அறுக்கும் ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலை. ஆகஸ்டு பிறந்தால் வர்ஜீனியா மலையடிவாரத்து இசைவிழா மைதானத்தில் கூடாரம் போட்டுவிடுவார். மேடைக்கு எதிரே மடக்கு நாற்காலியை விரித்து இடம் பிடிப்பார். வருடந்தோறும் அங்கே போகிற நான், அதில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவருடைய ராஜ்யமெல்லாம் வண்டிகளை நிறுத்துகிற இடத்தில்தான். ஸ்லேட்டின் ரசிகர்கள் நாற்பது பேர் கிட்டாரோடு வட்டம் கட்டுவார்கள். வெர்லின் நடுவே நின்று பிழை திருத்துவார்.

ஸ்லேட்டின் முதல் இசைத்தட்டில், ஒரு மெட்டின் மூன்றாம் சுற்றில், அவர் கை அரை நொடி இடறும். அந்த இடறலைக் கற்க வெர்லினுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அப்புறம் அவர் எதை வாசித்தாலும் மூன்றாம் சுற்றில் இடறுவார். யாராவது இடறாமல் போய்விட்டால் தொலைந்தார்கள்.

"யோவ், உன்னை யாருய்யா சரியா வாசிக்கச் சொன்னா? அவர் மாதிரி வாசி!"

"இப்பல்லாம் மேடையில அவரே இடறாமத்தானே வாசிக்கிறாரு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வயசாயிருச்சுல்ல தம்பி. மறந்துட்டாரு."

தன் வாசிப்பைக் கேட்டு ஸ்லேட் ஒரு தடவை தலையாட்ட வேண்டும். வெர்லினுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. இந்த வருடம் ஸ்லேட்டுக்கு எண்பது வயது. பிறந்தநாள் கேக்கைக் காகிதத் தட்டில் ஏந்தியபடி பெரியவரே வட்டத்துக்கு வந்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பிங்கப்பா."

மூன்றாம் சுற்று வந்தது. நாற்பது கிட்டாரும் அணிவகுப்பு போல ஒன்றாக இடறின. பெரியவர் மெல்வதை நிறுத்தினார். வெர்லினை அருகே அழைத்தார். காது மந்தமானவர், ரகசியம் என்று நினைத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"அந்த இடத்துல கை வழுக்குது பாரு. எனக்கும் ஆரம்பத்துல வழுக்கும். மெதுவா பழகு, சரியாயிடும்."

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"சரிங்கய்யா."

"போச்சுடா," என்றார் லோரீன் என்னிடம். "இனி இதை மறக்க ரெண்டு வருஷம். நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

குளிர்காலத்தில் கடைத்தெருவில் லோரீனைப் பார்த்தபோதுதான் மீதி தெரிந்தது. அவர்கள் ஊர் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வெர்லின்தான் கிட்டாராம். போன ஞாயிறு, இருபது வருடத்தில் முதல் முறையாக, மூன்றாம் சரணத்தை இடறாமல் வாசித்திருக்கிறார். போதகர் உட்பட சபை மொத்தமும் பழக்கப்படி அரை நொடி நின்றிருக்கிறது. வெர்லின் மட்டும் தனியாக முன்னே போய்க்கொண்டிருந்தாராம்.