பக்கத்து ரூமுக்கு வெளிப்பூட்டு

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வெளியில் இருந்து பூட்டியிருக்கிறீர்களா? நான் பூட்டுகிறேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு.

பதறாதீங்க மக்களே... அவரே கேட்டதுதான்.

பொள்ளாச்சியில் நானும் ரூம்மேட் ஷாலினியும் இருக்கும் லைன் வீட்டில், பக்கத்து ரூமுக்குப் புதிதாக வந்தவர் ஆறுச்சாமி. வயது ஐம்பதைத் தாண்டும். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒரு கொலை, ஆயுள் தண்டனை, போன மாதம்தான் ரிலீஸ். வந்த அன்றே பூட்டும் சாவியுமாக எங்கள் வாசலில் நின்றார்.

“அம்மணி, வெளிய பூட்டிப்போடுங்க. இல்லீன்னா தூக்கம் வராதுங்க.”

காமெடி என்று நினைத்துப் பூட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. ஃபேன் ஓடவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. காலையில் திறந்தால்... கதவைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார், ஜெயிலில் காலையில் தலை எண்ண வருபவருக்காகக் காத்திருப்பதுபோல. நான் “ம்” என்ற பிறகுதான் எழுந்தார்.

அன்று முதல் ஷாலினிக்கு நான் ‘ஜெயிலர் மேடம்’. ஆறு மணியானால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று கலாய்ப்பாள். கலாய்த்துவிட்டு எங்கள் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போடுவாள்.

ஆறுச்சாமியின் அக்கா ஒரு தேங்காய்க் களத்தில் கேட் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார். வரும் லாரியின் நம்பரைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் சிக்கல். எண் தெரியும். எழுத்து? தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

இத்தனை வருஷம் உள்ளே கிளாஸே நடக்கவில்லையா என்று கேட்டேன். நடந்ததாம். இடம் கம்மியாம். சீக்கிரம் ரிலீஸாகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்து இவர் ஒதுங்கிக்கொண்டாராம்.

“நமக்குத்தான் நாள் நெறையக் கெடக்குதே, அப்பறமாப் பாத்துக்கலாம்னு உட்டுப்போட்டனுங்க.”

ஊரிலேயே அதிக டைம் இருந்த ஆளுக்கு, டைம் பத்தவில்லை!

அத்தனை வருஷத்தில் அவர் என்னதான் கற்றார்? குத்தவைத்து உட்கார. சத்தமில்லாமல் மூச்சுவிட. பூட்டு விழுந்ததும் தூங்க. கொலைகாரனுக்கு எதுக்குப் பாடம் என்று கமெண்ட் போடப் போகிறவர்களே — ஒருநாள் வெளியே அனுப்பத்தானே போகிறோம்? எழுத்தும் ஒரு கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன? இஷ்டம் இருந்தால் வா என்றில்லாமல், சோறு மாதிரி எல்லாருக்கும், உள்ளே போன முதல் நாளில் இருந்தே.

தர்மசிந்தனை எல்லாம் இல்லை. பயம்.

போன வியாழக்கிழமை பூட்டும்போது, வேலை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டேன். கதவுக்குப் பின்னால் இருந்து அதே மரியாதையான குரல்.

“திரும்ப உள்ளயே போயிரலாம்னு இருக்கறனுங்க. அங்க நம்மள யாரும் படிக்கச் சொல்ல மாட்டாங்க. போறதுக்கு என்ன பண்ணோணும்னுதான் தெரியுமுங்களே, அம்மணி.”

அவர் ரூமுக்கும் எங்கள் ரூமுக்கும் நடுவில் ஒரே சுவர்.

மறுநாளே சிலேட் வாங்கிவிட்டேன். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஷாலினி ரோட்டில் போகும் லாரிகளை எல்லாம் போட்டோ எடுத்துவந்து காட்டுகிறாள். கலாய்ப்பது நின்றுவிட்டது.

களத்துக்காரர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இன்று ஞாயிறு. ‘எம்’ எது, ‘என்’ எது என்று ஆறுச்சாமிக்கு இன்னும் பிடிபடவில்லை.