சொந்த வீட்டு விசாரணை

1. முதல் வீடு

பி.எல்.ஓ. என்றால் பூத் லெவல் ஆபீசர். பெயரில்தான் ஆபீசர், வேலை என்னவோ வெயிலில் அலைவது. மேலப்பாளையத்தை ஒட்டி எங்கள் பூத். பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு, பிள்ளைமார் தெரு மூன்றும் அதில் அடக்கம். பதினெட்டு நிரம்பியவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும், இறந்தவர்களை எடுக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக் கணக்கு வாத்தியாருக்கு இது ஒரு வேலையா, கூட்டல் கழித்தல்தானே என்று நினைத்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால், முதல் நாள், முதல் வீடு பாத்திமா பீவி வீடு. கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் நீக்குவதற்கான பார்ம் 7-ஐ நின்றபடியே நீட்டினேன்.

"பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே சார். யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"கள்ள ஓட்டுக்கு வழியாயிரும்மா. டெத் சர்டிபிகேட் இருக்குல்லா? இங்கன கையெழுத்துப் போடுங்க."

போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார், "அவுஹ பேரு என்னன்னுகூட நீங்க கேக்கல."

"லிஸ்ட்ல இருக்கே" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் சாமர்த்தியத்தைச் சொன்னபோது, என் மனைவி கிரேஸ் அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செத்த நேரம் உக்காந்து பேசிட்டு வந்திருக்கலாம்லா? அப்படி என்ன அவசரம் ஒங்களுக்கு?"

2. வாசிக்காத பெயர்

போன வருஷம் கிரேஸ் போய்விட்டாள்.

இப்போது எம்.பி. இடம் காலியாகி இடைத்தேர்தல் வருகிறது. பட்டியலைச் சுத்தமாக வைக்கச் சொல்லி உத்தரவு. போன வாரம் கட்சிகளின் பூத் ஏஜென்டுகளை எங்கள் பள்ளி வகுப்பறைக்கு வரச்சொன்னேன். ஒரு கட்சிக்கு அரிசிக்கடை சுப்பையா அண்ணாச்சி. இன்னொன்றுக்கு, யார் என்கிறீர்கள், அதே பாத்திமா பீவி. இந்தப் பத்து வருஷத்தில் மூன்று தெருவும் அவருக்கு அத்துப்படி.

இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தேன். "அவ்வளவுதான்" என்று நோட்டை மூடினேன்.

"சார்வாள் லிஸ்ட்ல குத்தம் சொல்ல முடியுமா?" என்று சொல்லி அண்ணாச்சி எழுந்து போனார். கிரேஸ் பெயரை நான் வாசிக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய். பார்ம் 7-ஐ எடுத்து எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். வரிசை எண்ணை எழுதுவேன், பெயருக்கு வரும்போது பேனாவை மூடிவிடுவேன். ரேஷன் கார்டில் மகன் எடுத்துவிட்டான். பாங்கில் நானே எடுத்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து மிச்சமிருந்த இடம் இந்தப் பட்டியல் ஒன்றுதான். ஊரெல்லாம் சட்டம் பேசிய நான் செய்த திருட்டு வேலை இது. இடைத்தேர்தலன்று அவள் பெயரில் எவனாவது ஆள் அனுப்பி ஓட்டுப் போட்டால், இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிற எனக்கு அதைவிடக் கேவலம் வேண்டாம். அது தெரிந்தும் கை வரவில்லை.

பாத்திமா பீவி மட்டும் போகவில்லை. அவர் விரல் பட்டியலில் எங்கள் கதவு எண் மேல் இருந்தது.

"சார், பார்ம் ஏழு ஒண்ணு குடுங்க."

"எதுக்கும்மா?"

"தொகுதியில ஓட்டு உள்ளவங்க யாரு வேணும்னாலும் எழுதலாம்னு நீங்கதான சொன்னிய. ஒங்க கையால எழுத வேண்டாம். நான் எழுதுதேன்."

மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "அவுஹ பேரு என்ன சார்?"

பெயர் அவர் கண் முன்னால்தான் இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"கிரேஸ்" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னேன். அழுதுவிட்டேன்.

"பைய எழுதுவோம். அவுஹளப் பத்திச் சொல்லுங்க."

அரை மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் வெட்கத்தோடு அவர் கணவர் பெயரைக் கேட்டேன்.

"மீரான்" என்றார். "புரோட்டாக் கடையில இருந்தாஹ. சூடா நாலு எனக்குன்னு எடுத்து வச்சிருவாஹ."

3. விசாரணை

பார்ம் 7 வந்தால் பி.எல்.ஓ. அந்த வீட்டுக்கு நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும். எல்லா வீட்டுக்கும் அதே விதிதான். அன்று சாயங்காலம் என் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவள் மூக்குக் கண்ணாடி ஜன்னலில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, 'நேரில் விசாரித்தேன், வாக்காளர் வீட்டில் இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதினால் செல்லாது. அடித்துவிட்டு, 'இறந்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அடுத்து இந்த பூத்துக்கு வருகிறவருக்கு ஒன்றுதான் சொல்வேன். இறந்தவர் வீட்டில் முதலில் உட்காருங்கள். பட்டியல் கையில் இருந்தாலும் பெயரைக் கேளுங்கள்.

எந்தத் தேர்தல் என்றாலும் காலை ஏழு மணிக்கே நானும் கிரேஸும் வரிசையில் நின்றுவிடுவோம். எனக்கு முன்னால் ஓட்டுப் போட்டுவிட்டு, பெண்கள் பக்கமிருந்து மை விரலைத் தூக்கிக் காட்டுவாள். இந்தத் தடவையும் ஏழு மணிக்குப் போவேன். அந்தப் பக்கம் பார்க்காமல் எப்படி நிற்பது என்றுதான் தெரியவில்லை.