உள்மூடியில் எழுதியது

கீசரின் அடிமூடியைக் கழற்றினால், அதன் உட்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் தேதியும் செய்த வேலையும் எழுதியிருக்கும், ஓரத்தில் ‘து.’ என்று ஓர் எழுத்து. அது துலுக்கானம் கைவைத்த கீசர். நூம்பல், வேலப்பன்சாவடிப் பக்கத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்வதில்லை. திருமழிசை எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் அவர் பதினோரு வருஷம் இருந்தார். அங்கே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் அட்டை கட்டித் தொங்கும். யார் சுற்றியது, எத்தனை சுற்று, என்றைக்கு என்று அதில் இருக்கும். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு இந்தப் பழக்கம் மட்டும் அவரோடு ஊட்டுக்கு வந்துவிட்டது.

அவருடைய அப்பா கத்திரி போட்ட நிலத்தில்தான் இப்போது நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி நிற்கிறது. அதைப்பற்றி அவருக்குப் பெரிய துக்கமெல்லாம் கிடையாது. கத்திரிச் செடிக்கு மருந்தடித்து மூச்சு முட்டியதுதான் அவருக்கு நினைவிருக்கிறது. அதே மண்ணில் போட்ட போர்வெல்லிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் ஆறு மாதத்தில் கீசர் காயிலின் மேல் சுண்ணாம்பாகப் படிந்து, அவரைக் கூப்பிட வைக்கும். “உங்க தண்ணிதாம்மா எனக்கு சோறு போடுது” என்று வீடு வீடாகச் சொல்லிச் சிரிப்பார்.

போனிலேயே மூன்று கேள்வி கேட்பார். லைட்டு எரியுதா? எரிந்தால் அணையுதா? மெயின் விழுதா? லைட் எரிந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் காயில் போய்விட்டது. லைட்டே வரவில்லை என்றால் கட்-அவுட்டோ தெர்மோஸ்டாட்டோ. மெயின் விழுந்தால் காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிகிறது. பாதி நோய் அந்த மூன்று பதிலிலேயே தெரிந்துவிடும். மீதிக்குத்தான் ஸ்குரூ டிரைவர்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு வசந்தாவிடமிருந்து போன் வந்தது. சி பிளாக் மூன்றாவது மாடி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மகன் இளங்கோவோடு வந்து குடியேறியவர். அடுக்குமாடியின் வாட்ஸப் குழுவில் ‘கீசருக்குத் துலுக்கானம்தான், நம்பிக் கூப்பிடலாம்’ என்று முதன்முதலில் எழுதியவர் அவர். துலுக்கானத்துக்கு வரும் வேலையில் பாதி அந்த ஒரு வரியால் வந்தது.

“துலுக்கானம், உடனே வாங்க. நேத்து சாருக்குக் கையில வெந்நீர் பட்டு வெந்துபோச்சு.”

“லைட்டு அணையுதாம்மா?”

“மனுஷன் கை வெந்து கெடக்கு. லைட்டைக் கேக்கிறீங்களே.”

பத்து நிமிடத்தில் போய்விட்டார். ஹாலில் வசந்தாவின் கணவர் ராஜசேகரன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணிக்கட்டு. தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார்.

“வாப்பா. உன் கீசர் என்னை அவிச்சு எடுத்துருச்சு” என்றார்.

“கீசர் என்ன பண்ணும்?” என்றார் வசந்தா. அவர் பேச்சு ராஜசேகரனுக்காக அல்ல. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மருமகள் ஜெயப்பிரியாவுக்காக. “நேத்து காலையில ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டுக் குளிச்சுட்டு, அணைக்காம கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுறது. ஒம்பது மணிக்கு இவர் போய்க் குழாயைத் திறந்தா, ஆவியும் தண்ணியுமா சீறி அடிச்சிருக்கு. பக்கெட்டுல விழுந்திருக்கணும், கையில விழுந்துருச்சு. இளங்கோகிட்ட போன்ல சொன்னேன். அவனும் ‘அணைச்சிருக்கலாம்ல’ங்கிறான்.”

ஜெயப்பிரியா தலையைத் தூக்கவில்லை. விசைப்பலகையில் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

துலுக்கானம் குளியலறைக்குள் போய் மெயினை இறக்கினார். டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அடிமூடியின் இரண்டு திருகைக் கழற்றி மூடியைக் கையில் வாங்கினார்.

19.10.25. கட்-அவுட் டைரக்ட். மாத்தணும். து.

அவர் கையெழுத்துதான். ‘மாத்தணும்’ என்பதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தார். மேலே பார்த்தார். கட்-அவுட் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குப் போக வேண்டிய இரண்டு வயர்களும் ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன. அந்த டேப்பைக் கடித்து அறுத்தது அவர் பல்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் அது. விடிந்தால் ஊர் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். அன்றைக்குப் பார்த்துத்தான் ஊர் முழுக்கக் கீசர் படுக்கும். பதினாலு வீடு. அதில் மூன்று வீட்டில் கட்-அவுட் எரிந்திருந்தது. கையில் இருந்த சாமான் தீர்ந்து, பூந்தமல்லியில் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். இந்த வீட்டில் மகள் சுவேதாவுக்குத் தலை தீபாவளி. “காலையில மாப்பிள்ளை குளிக்கணும். எப்படியாவது ஓட வச்சிருங்க” என்று வசந்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துலுக்கானம் ஓட வைத்தார். மூன்று வீட்டிலும் வயரை முறுக்கி நேராகக் கரண்ட் கொடுத்தார். “தீபாவளி முடிஞ்சதும் வந்து மாத்திக் குடுத்துடறேம்மா.”

தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது கெட்டு ஒட்டிக்கொண்டால், தண்ணீர் கொதிக்கும் முன் கடைசியாகத் தடுப்பது கட்-அவுட். அதுவும் இல்லையென்றால் கீசர் என்பது மூடி போட்ட அடுப்பு. தொழிலுக்கு வருகிறவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இது.

தீபாவளி முடிந்தது. மழை பிடித்தது. மறந்துவிட்டார் என்று சொன்னால் அதுகூட முழு உண்மையில்லை. இரண்டு தடவை அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை இதே சி பிளாக்கின் லிப்டில். ஓடிக்கினுதானே கீது, அப்பால பாத்துக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் அதையேதான் நினைத்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. வசந்தா. துலுக்கானம் மூடியைத் தொடையோடு சேர்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு?”

“தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சும்மா.”

“ரொம்ப நேரம் ஓடவிட்டாத்தானே ஒட்டும்?”

அவர் வயரைப் பார்த்தார். பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். “ரொம்ப நேரம் ஓடிச்சின்னா… ஆமாம்மா” என்றார்.

வசந்தா ஹால் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கோ. மெக்கானிக்கே சொல்றார்.”

கொஞ்ச நேரம் கழித்து ஜெயப்பிரியா வந்து கதவருகே நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அண்ணா, முன்னாடியெல்லாம் பத்து நிமிஷத்துல லைட் அணைஞ்சிடும். நாலு நாளா அணையவே இல்ல. அத்தைகிட்ட சொன்னேன். லைட் அணையலைன்னா ஸ்விட்சை அணைன்னாங்க. அது எதனால?”

போனில் அவர் கேட்கும் கேள்வி அது. அவரே இவ்வளவு துல்லியமாக நோயைச் சொல்லியிருக்க முடியாது.

“புது சாமான் போட்டுடறேம்மா. இனிமே வராது.”

அவள் கொஞ்ச நேரம் அவரையும் அவர் தொடையோரம் சற்றே திரும்பியிருந்த மூடியையும் பார்த்தாள். “நான் அணைச்சேனா இல்லையான்னு எனக்கே இப்போ தெரியலண்ணா. நேத்துலேர்ந்து யோசிச்சு யோசிச்சு, அணைச்ச மாதிரியும் இருக்கு, அணைக்காத மாதிரியும் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் புதிதாகப் போட்டார். தண்ணீரை நிரப்பி, சுடவைத்து, லைட் அணைகிறதா என்று இரண்டு முறை பார்த்தார். அணைந்தது. பிறகு, டேப் பசை துடைக்க வைத்திருந்த தின்னரைத் துணியில் நனைத்து மூடியின் உட்பக்கத்தைத் துடைத்தார். ‘து.’ எளிதில் போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். வெள்ளை மூடி வெறும் வெள்ளையானது. இத்தனை வருஷத்தில் எதுவும் எழுதாமல் அவர் மூடிய முதல் மூடி அது.

கூலி வேண்டாம் என்றார். “சார் அடிபட்டுக் கீறாரு, இப்போ போய் வாங்குவனாம்மா.”

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டு படியிறங்கியிருக்க வேண்டும். ஆனால் வசந்தா விடவில்லை. “பாத்தியா, வெளியாளுக்கு இருக்கிற அக்கறை” என்று மேசைப் பக்கம் சொன்னார். துலுக்கானம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மதியம் சாப்பிட ஊட்டுக்குப் போனார். அவர் மனைவி கண்ணம்மா தட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“இன்னாத்துக்கு கைய மோந்து மோந்து பாத்துக்கினு கீற?”

“தின்னர் நாத்தம்.”

“உனுக்கு எப்போலேர்ந்து பெயிண்ட் வேலை?”

“ஒரு மூடிய தொடச்சேன்.”

“தொடச்சா கழுவிக்கினு வா. சோத்துல நாறும்.”

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். நாற்றம் போகவில்லை, அல்லது போனது அவருக்குத் தெரியவில்லை. பாதிச் சோற்றில் போன் அடித்தது. திருமுல்லைவாயிலில் ஒரு புது வாடிக்கை. “லைட்டு அணையுதாம்மா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் பதில் வந்தது. அது காதில் ஏறவில்லை. “நாளைக்கு வரேம்மா” என்று வைத்துவிட்டார்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முறுக்கிய வயர்த் துண்டு டேப்போடு இருந்தது. அங்கேயே குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எடுத்துவந்தது. இப்போது அதைத் தன் வீட்டுக் குப்பையில் போடவும் கை போகவில்லை.

நாலு மணிக்கு மறுபடி சி பிளாக். கதவைத் திறந்த வசந்தா, “என்னத்தையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்றார்.

“சார் கீறாரா? மருமக பாப்பாவும் இருக்கட்டும்மா.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வயர்த் துண்டை எடுத்து ராஜசேகரன் முன்னாலிருந்த டீப்பாயில் வைத்தார்.

“இது நான் முறுக்கினது சார். தீபாவளிக்கு முந்தின நாளு. கட்-அவுட்டுன்னு ஒண்ணு கீது, தண்ணி ரொம்ப கொதிச்சா தானே நிறுத்திடும். அது எரிஞ்சி போயிருந்துது. கடையில சாமான் இல்ல. கழட்டிட்டு டைரக்ட் குடுத்துட்டேன். ரெண்டு நாள்ல வந்து மாத்தறேன்னேன். வரல.”

ஜெயப்பிரியா பக்கம் கையைக் காட்டினார்.

“பாப்பா நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டு வுட்டிருந்தாலும் உங்க கை வெந்திருக்காது சார். மறக்கறவங்க இருப்பாங்கன்னுதான் அந்த சாமானே வச்சிக் கீறான். அதை எடுத்துட்டவன் நான். காலைல அம்மா கேட்டப்போ ஆமான்னு சொன்னேன் பாருங்க, அது பொய்.”

ராஜசேகரன் தன் கையைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. அவர் திட்டியிருந்தால் துலுக்கானத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“உங்களை நம்பி ஊருக்கே சொன்னேன்” என்றார் வசந்தா. குரல் உயரவில்லை. மருமகள் பக்கம் ஒரு முறை பார்வை போய்த் திரும்பியது. “பால் பொங்கிரும்” என்று அடுக்களைக்குள் போனார். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

“காலையிலேயே சொல்லியிருக்கலாமேண்ணா” என்றாள் ஜெயப்பிரியா.

“சொல்லியிருக்கலாம்மா.”

“நான் வந்தப்போ அந்த மூடியில கறுப்பா ஏதோ எழுதியிருந்துச்சு. நீங்க போனப்புறம் குளியலறையில தின்னர் வாசனை.”

அவர் துடைத்தது தெரிந்தேதான் அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். மெக்கானிக்கை எதிர்த்து மருமகள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று இருந்திருப்பாள்.

“என்ன எழுதியிருந்துச்சோ, அதைத் திரும்ப எழுதுங்க. நான் இளங்கோவுக்கு போட்டோ அனுப்பணும்.”

அவர் மெயினை இறக்கி மூடியைக் கழற்றினார். மார்க்கரின் முனை காய்ந்திருந்தது. நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டார். பழைய தேதியைப் போட்டு, கட்-அவுட் டைரக்ட் கொடுத்தது துலுக்கானம் என்று எழுதினார். கீழே இன்றைய தேதி. மாற்றியது துலுக்கானம். ‘து.’ என்று போடத்தான் கை போனது. முழுப் பெயரையும் எழுதினார். எழுத்து கோணியது. அவள் படம் எடுத்துக்கொண்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய்விட்டாள்.

வசந்தா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. கதவை அவரே சாத்திக்கொண்டு வந்தார்.

வண்டியருகே வந்து நின்றபோது போனில் மணி அடித்தது. அடுக்குமாடியின் வாட்ஸப் குழுவில் அவர் இல்லை. ஆனால் இந்நேரம் அங்கே என்ன ஓடும் என்று அவரால் எண்ணிப் பார்க்க முடிந்தது. எடுக்கவில்லை. பையைத் திறந்து பார்த்தார். கட்-அவுட் நாலு இருந்தது. காலையிலேயே சொல்லியிருந்தால், அக்டோபரிலேயே மாற்றியிருந்தால் என்று நினைப்பு ஓடியதை நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் வயரை முறுக்கிய மீதி இரண்டு வீடு எவை என்று நினைவுபடுத்தினார். ஒன்று ஏ பிளாக்கில். இன்னொன்று மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடி வீடு.

ஏ பிளாக்கின் இரண்டாவது மாடியில் மணியை அழுத்தினார். கதவைத் திறந்த சபீனா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். உள்ளே குளியலறையில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம்.

“நாங்க கூப்பிடலையேண்ணா. கீசர் நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுதும்மா” என்றார் துலுக்கானம். “அதான் வந்தேன். முதல்ல அந்த ஸ்விட்சை அணைங்க.”