பிடித்துத் தைத்த சட்டை

சான்றின்றி ஒரு சொல்லும் உரைக்காதவள் என்ற பெயர் விவாத மேடைகளில் எனக்கு உண்டு. அத்தகைய நான், கண்முன் நின்ற சான்றைக் காணத் தவறினேன்.

கோப்பாயில் தோட்டம் செய்த என் அப்பா, விவாத இறுதிச் சுற்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக மலிவான துண்டுத் துணியில், அவருடைய பழைய சட்டையை அளவாக வைத்து ஒரு சட்டை தைத்தேன். அவர் அணிந்தபோது அது தொளதொளத்தது.

“மேடையிலை எல்லாரையும் மடக்கிற பிள்ளைக்கு ஒரு சேட்டு மடங்கேல்லைப் போல,” என்று அப்பா சிரித்தார்.

“வெட்டினதிலை பிழை விட்டிட்டன். தாங்கோ, பக்கம் பிடிச்சுத் தாறன்.”

பிடித்துத் தைத்தேன். சில வாரங்களில் அது மீண்டும் தளர்ந்தது.

“மெலிஞ்சு போனியளோ அப்பா?”

“வெங்காயம் நடுற காலம். வெயிலுக்கை நிண்டால் உடம்பு வத்தும்தானே. நீ தையலைப் பார்.”

நான் தையலைத்தான் பார்த்தேன். மறுபடியும் பிடித்தேன், இம்முறை அளவாக அமைந்தது என்று பெருமையும் கொண்டேன்.

தோட்டத்தில் அவர் மயங்கி விழுந்த பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றோம். நோய் முற்றியிருந்தது. இறுதிச் சுற்றுக்கு முன்பே அப்பா மறைந்தார்.

இப்போது முதியோர் இல்லமொன்றுக்கு இலவசமாகத் தைக்கிறேன். பழைய உடுப்பை அளவுக்கு வாங்குவதில்லை. ஒவ்வொருவரையும் நாடாவால் அளக்கிறேன். நான் முன்பு தைத்தது தளர்ந்திருந்தால், ஊசியை எடுக்குமுன் தாதியிடம் சொல்கிறேன்.

“ஏன் பிள்ளை, சும்மா பிடிச்சுத் தாவன்,” என்று ஓர் ஐயா அண்மையில் கடிந்துகொண்டார். அவர் வைத்தியரிடம் போய் வந்த பிறகே பிடித்துக் கொடுத்தேன்.